கிருஷ்ணகிரி வழக்கை ஏன் மறந்தோம்?

நான் பேசப்போகும் சட்டத்தை நீதிமன்றத்தில் நேரில் வளர்த்தெடுத்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் முன் தலைமை ஏற்பது எனக்குப் பெருமை, கூடவே நடுக்கமும்.

வீட்டிலிருந்து வேலையும் தொழிலாளர் சட்டமும் என்பது நம் கருத்தரங்கின் பொருள். வேலை நேரம், கண்காணிப்பு மென்பொருள், பெண் ஊழியர் பாதுகாப்பு பற்றியெல்லாம் நல்ல கட்டுரைகள் வந்திருக்கின்றன. அந்தந்த அமர்வுகள் அவற்றைக் கவனித்துக்கொள்ளும். எனக்கு ஒரே ஒரு கேள்வி போதும். நிறுவனம் புனேயில், ஊழியர் தென்காசியில் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் பணிநீக்க மின்னஞ்சல் வருகிறது; மறுநாள் மடிக்கணினியை வாங்கிப்போக கூரியர்காரர் வந்து நிற்கிறார். அந்த ஊழியர் எந்த ஊரில் வழக்குப் போடுவது?

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உரிமையியல் நீதிமன்றம் பொதுவாக இழப்பீடு தரும். தனியார் வேலையை மீட்டுத் தராது. வேலையே திரும்ப வேண்டும் என்கிற தொழிலாளிக்குச் சமரச அலுவலரும் தீர்ப்பாயமும்தான் வழி. பழைய தொழில் தகராறுகள் சட்டம் அதற்கு மூன்றாண்டு அவகாசம் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அதை இரண்டாண்டாகக் குறைத்துவிட்டது. தவறான ஊரில் மனுப் போட்டு ஓராண்டு போனால், கையிலிருப்பதில் பாதி போயிற்று.

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நம் கட்டுரையாளர்கள் இரண்டு தீர்ப்புகளைக் காட்டுகிறார்கள்: 2007இன் நோவார்ட்டிஸ் வழக்கு, 2016இன் கார்வாரே பாலியஸ்டர் வழக்கு. இரண்டுக்கும் தாய்போன்ற ஒரு தீர்ப்பு, 1967இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஸ்ரீ ரங்கவிலாஸ் மோட்டார்ஸ் தீர்ப்பு, அடிக்குறிப்பிலும் இடமின்றிக் கிடக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் அன்றைய சேலம் மாவட்டத்துக் கிருஷ்ணகிரி, கிளை பெங்களூர். பெங்களூர்த் தொழிலாளி ஒருவரைக் கிருஷ்ணகிரிக்கு மாற்றியதில் தகராறு மூண்டது. மைசூர் அரசு அதைத் தீர்ப்புக்கு அனுப்பியது. அனுப்ப அதற்கு அதிகாரமில்லை என்றது நிர்வாகம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தகராறு எங்கே எழுந்தது என்பதே கேள்வி. தொடர்பு இருக்க வேண்டியது தகராறுக்கும் மாநிலத்துக்கும் இடையில், தொழிலுக்கும் மாநிலத்துக்கும் இடையில் இருந்தாக வேண்டும் என்பதில்லை என்றது.

இந்தத் தீர்ப்பு காலாவதியானது என்று நான் மதிக்கும் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் காரணம் இரண்டு. அங்கே தனிக் கிளை இருந்தது, வீடு கிளையாகாது என்பது முதலாவது. தனி நிறுவனக் கிளையில் ஒருவர் வேலை செய்தால் தகராறு வழக்கமாக அங்கேதான் எழும் என்று நீதிமன்றம் சொன்னது உண்மையே. ஆனால் அது வழக்கமாக நடப்பதைச் சொன்ன வாக்கியம். அதை நிபந்தனையாக்கினால் அடுத்து வரும் தொடர்பு விதிக்கு வேலையே இல்லாமல் போகும். மறுப்பு எழுதுவோர் அந்த இரண்டாம் வாக்கியத்தையும் படித்துவிட்டு எழுத வேண்டும் என்று பணிவுடன் கேட்கிறேன்.

முடிவெடுத்த இடமே வழக்கின் இடம் என்று கார்வாரே தீர்ப்பு மாற்றிவிட்டது என்பது அவரது இரண்டாவது காரணம். அந்த வழக்கில் நடந்ததென்ன? தொழிலாளி வேலை பார்த்ததும் வேலை இழந்ததும் புதுச்சேரியில். நீக்கும் முடிவு ஔரங்காபாத்தில். அவரே விரும்பி ஔரங்காபாத்தில் வழக்குப் போட்டார், நிர்வாகம்தான் தடுத்தது. புதுச்சேரிக்கு அதிகாரம் உண்டு, அதனால் ஔரங்காபாத்துக்கு இல்லாமல் போகாது என்றது உச்ச நீதிமன்றம். தொழிலாளிக்கு இன்னொரு கதவைத் திறந்த தீர்ப்பை, அவர் ஊர்க் கதவை அடைக்க எடுத்துக்காட்டுவது நியாயமில்லை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பழைய சட்டம், தனியார் நிறுவனங்களைப் பொறுத்தவரை, தொழில் தகராறை வைத்து உரிய அரசைச் சொன்னது. புதிய தொகுப்பு தொழில் நிறுவனத்தை வைத்துச் சொல்கிறது. கிருஷ்ணகிரித் தீர்ப்பு நின்ற தளத்தையே இது அசைக்கக்கூடும். நமக்கு வந்த கட்டுரைகளில் ஒன்றுகூட இதைத் தொடாதது எனக்கு வருத்தமே.

பணி ஆணையில் மும்பை நீதிமன்றம் மட்டுமே என்று எழுதியிருந்தால்? எச்.டி.எஃப்.சி. வங்கி ஊழியர் வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தகைய பிரிவு செல்லும் என்றது. பாட்னாவிலும் டெல்லியிலும் தொடுத்த உரிமையியல் வழக்குகள் அவை. ஒப்பந்தத்தால் பிறந்த உரிமைக்கு மன்றத்தை ஒப்பந்தம் குறிக்கலாம். தொகுப்புச் சட்டத்தின் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருவது சட்டம். பணி ஆணையின் கடைசிப் பக்கத்துக்கு அதைப் பறிக்கும் வலு இல்லை என்பது என் வாதம். எதிர்வாதம் உள்ளவர்கள் பிற்பகல் அமர்வில் எழ வேண்டும், காத்திருக்கிறேன்.

பணி ஆணையிலோ நிறுவனத்தின் பதிவேட்டிலோ வேலையிடமாகக் குறித்த வீடு இருக்கும் மாநிலமும் உரிய அரசே என்று ஒரு விளக்கம் சட்டத்தில் ஏற வேண்டும். தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவர் ஒப்புதலுடன் தமிழ்நாடே அந்தத் திருத்தத்தைக் கொண்டுவரலாம். இந்த அவை அதைத் தீர்மானமாக நிறைவேற்றக் கோருகிறேன். இருபது மாநிலங்களில் ஆள் வைத்த நிறுவனம் இருபது ஊருக்கு அலைவதா என்று நிர்வாகத் தரப்பு நண்பர்கள் கேட்பார்கள். அந்த இருபது ஊர்களிலும் ஆளைத் தேடி எடுத்தது நிறுவனம்தான். அங்கே அலுவலக வாடகை மிச்சமானதும் அதற்குத்தான். காணொலியில் நேர்காணல் நடத்தி வேலை கொடுத்தவர்கள் காணொலியிலேயே விசாரணைக்கும் வரட்டும். அதிகார வரம்பை முதனிலை ஆட்சேபணையாகக் கிளப்பி ஆண்டுகளைக் கடத்தவும் இடம் தரக்கூடாது. எல்லா எழுவினாக்களையும் சேர்த்தே விசாரியுங்கள் என்று டி.பி. மகேஸ்வரி வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி 1983இலேயே சொல்லிவிட்டார்.