ஆற்றை பாக்குவெட்டி?



போத்தல் தக்கையைத் திருகி எடுக்கும் பழைய கருவிகளைத் தேடிச் சேர்ப்போர் மேல்நாடுகளில் உண்டு. சாமுவேல் ஹென்ஷல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1795இல் அதற்குக் காப்புரிமையே பெற்றிருக்கிறார். நான் சேர்ப்பது பாக்குவெட்டி.

அதுவும் சின்னஞ்சிறிய யந்திரந்தான். ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் கை, நடுவே பாக்கு. கையின் சிறு அழுத்தம் ஆணிக்கு அருகே பன்மடங்காகிறது. ஆனால், இந்நாட்டுக் கைவினைஞர் அத்தோடு நிற்கவில்லை. சிங்களத்தில் 'கிரய' எனப்படும் இக்கருவியை மகரமாகவும் பெண்ணுருவாகவும் வார்த்தார்கள். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளியிட்ட நூலில், வீட்டுப் பொருள்களையும் கலையென்றே கொண்டு ஆராய்ந்தார்.

1996ஆம் ஆண்டு. வெள்ளவத்தையில் ஒரு விடுதி. வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து, வெளிநாட்டிலுள்ள மகனிடம் போக விசாவுக்காகக் காத்திருந்தார் ஓர் ஆச்சி. அவரிடம் பழைய பாக்குவெட்டி ஒன்று இருப்பதாக அறிந்து போனேன். வெறும் இரும்பு; வேலைப்பாடு எதுவுமில்லை. பிடி மட்டும் தேய்ந்து மினுங்கியது.

"விலை சொல்லுங்கோ ஆச்சி."

"விலை எனக்கென்ன தெரியும் தம்பி? வெத்திலைத் தட்டத்தை வீட்டிலை விட்டிட்டன். இது மடிக்குள்ளை கிடந்தபடியால் வந்தது. என்ரை அம்மா தந்தது."

விடுதி வாடகை நிலுவையில் இருந்தது போலும். நான் நீட்டிய காசை எண்ணாமலே வாங்கி முடிந்துகொண்டார். பிறகு கேட்டார்:

"ஆற்றை எண்டு ஆரும் கேட்டால் என்ன சொல்லுவீர்?"

எனக்குப் பதில் வரவில்லை. அதுவரை நான் வாங்கியவற்றில் ஆணியையும் துருவையும் பார்த்திருக்கிறேன். உடையவர் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. ஒருவருடைய இழப்பை மலிவு விலைக்கு வாங்கிவிட்டு, அதை இரசனை என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

பூனாவில் தின்கர் கேல்கர் என்பவர் வாழ்நாளெல்லாம் வீட்டுப் பொருள்களைச் சேர்த்து, சிறுவயதில் இறந்த மகன் ராஜாவின் பெயரால் நூதனசாலை அமைத்தார். பாக்குவெட்டிகளும் அங்கே உண்டு. பொருளோடு ஒரு பெயரும் வாழவேண்டும் என்று அந்தத் தகப்பன் அறிந்திருந்தார்.

ஆச்சியின் பெயரையும் அவர் தாயின் பெயரையும் ஊரையும் ஒரு துண்டில் எழுதிப் பிடியிற் கட்டினேன். அது இன்றும் இருக்கிறது. மற்றவை பெயரில்லாமலே கிடக்கின்றன.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்குமுன், அது யாருடையதென்று வீட்டிலுள்ள முதியவரிடம் ஒருமுறை கேட்டுவையுங்கள்.