ராத்திரி நடக்கிற பாக்கியம்



மாசி மாத மகா சிவராத்திரி வந்துவிட்டால் உசிலம்பட்டிக்குத் தூக்கம் கிடையாது. சின்னக்கருப்பசாமி கோயிலிலிருந்து சாமி பெட்டிகளைச் சுமந்துகொண்டு பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குப் பெருங்கூட்டம் நடக்கும். பிழைப்புக்காக வெளியூர் போனவர்களும் குலசாமியைக் கும்பிட வந்து சேர்வார்கள். மழைக்கு, பிள்ளைப் பேற்றுக்கு, தீர்ந்த நோய்க்கு என்று நன்றி சொல்ல ஆளுக்கொரு காரணம் இருக்கும்.

அந்தக் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்கலாம். ராத்திரியில் யாரையும் கேட்காமல் நடக்க முடிகிறதே, அதற்கும் சாமிக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இந்த மண்ணில் ஒரு காலத்தில் அது குற்றம். 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் இந்தப் பகுதியில் வாழும் பிரமலைக் கள்ளர் சமூகத்தின்மீது ஏவியபோது, ஆண்களின் கைரேகையைப் பதிவேட்டில் வாங்கினார்கள். ரேகைச் சட்டம் என்றுதான் ஊரில் பேச்சு. ரேகை வைத்தவர் பொழுது சாய்ந்தால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். அந்த வீடுகளில் சிவராத்திரி எப்படிக் கழிந்திருக்கும்?

1920 ஏப்ரல் 3. ரேகை வைக்க மாட்டோம் என்று உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமமான பெருங்காமநல்லூர் மறித்து நின்றது. போலீஸ் சுட்டது. 16 உயிர் போனது. அதில் ஒரு பெண், மாயக்காள். குண்டடி பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்திப் போனார்கள்.

'சாமி நம்மளக் காப்பாத்திருச்சு' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். செத்தவர்கள் மட்டும் வேறு சாமியையா கும்பிட்டார்கள்? பூசாரியைக் கேட்டாலும் பதில் வராது. ஆனாலும் அந்தக் கேள்வி உறுத்தாமல் வைக்கிற பொங்கல் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

அன்று இந்த மக்களுக்காக வழக்காடியவர் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் தொழில் செய்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். கிறித்தவர். ரோசாப்பூ துரை என்று மக்கள் செல்லமாக அழைத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் அந்தச் சட்டம் ஒழிந்தபோது அவர் உயிரோடு இல்லை, 1938-லேயே போய்விட்டார். ஆனால் கருப்பசாமியைக் கும்பிடுகிற குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தன. குலசாமிக்குச் செய்கிற மரியாதையை ஒரு மனிதருக்கும் செய்தார்கள்.

பெருங்காமநல்லூரில் நினைவுத்தூண் இருக்கிறது. ஏப்ரல் 3 அன்று மாலை போட வருகிறார்கள். இந்த ஆண்டு குலசாமி கும்பிட வருகிறவர்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கேயும் ஒரு எட்டுப் போய்விட்டு வாருங்கள்.