எல்லைப்புறப் பொறியியல் மாணவருக்கு உடன்பயில்வோர் துணை
(உரையின் எழுத்து வடிவம்)

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் இருப்புப்பாதையில் கேரள மாநிலத்தின் கடைசி நிலையம் பாறசாலை. சாலை வழியே சென்றால் இஞ்சிவிளையைத் தாண்டியதும் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆனால் பேச்சுமொழி அந்தக் கோட்டோடு நின்றுவிடவில்லை. இப்பகுதியில், வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பாடநூலில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைகள் இன்றும் உண்டு.

இத்தகைய வீட்டிலிருந்து, குடும்பத்தின் முதல் தலைமுறையாக ஒரு மாணவன் பொறியியல் கல்லூரியில் இடம் பெறுகிறான் என்று கொள்வோம். நுழைவுத் தேர்வு எழுதித் தகுதியால் பெற்ற இடம் அது. 1939இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி, நகருக்கு வடக்கே ஸ்ரீகாரியத்தில் இருக்கிறது. பாறசாலையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். காலையில் ரயில், பிறகு பேருந்து. மாலையில் அதே வழியில் திரும்பல். வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருக்கும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பயணத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், வாரத்தில் ஐந்து நாட்களுக்கு இருபது மணி நேரம்.

இழப்பு அந்த இருபது மணி நேரத்தோடு முடிவதில்லை. விடுதியில் தங்கியிருப்பவர்கள் இரவு உணவுக்குப் பின் ஓர் அறையில் கூடி, மறுநாள் கொடுக்க வேண்டிய கணக்குகளை ஒருவரோடொருவர் வாதிட்டு முடிக்கிறார்கள். ‘போன ஆண்டு இந்தத் தாளில் எந்தப் பகுதி காலை வாரியது’ என்பதை மூத்த மாணவர் ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். எந்தப் பாடத்திட்டத்திலும் அச்சிடப்படாத இந்தக் கல்வி, வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவனுக்குக் கிட்டுவதில்லை. அவன் தனியே படிக்கிறான், தனியே தவறுகிறான், தவறியதற்குத் தன் அறிவே குறை என்று முடிவு கட்டிக்கொள்கிறான்.

இந்த முடிவு பிழையானது என்பதற்கு அமெரிக்க நாட்டில் நல்ல சான்று கிடைத்தது. 1970களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில், நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோல்வியுறுவது ஏன் என்று யூரி டிரைஸ்மன் என்னும் கணித ஆசிரியர் ஆராய்ந்தார். முயற்சிக் குறைவு, பள்ளித் தயாரிப்பின்மை, குடும்ப ஆதரவின்மை, வறுமை என்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் கூறினர். அவரோ கறுப்பின மாணவர் இருபது பேரையும் சீன வமிசாவளி மாணவர் இருபது பேரையும் அவர்கள் படிக்கும் இடத்திற்கே சென்று கவனித்தார். முன்னவர்கள் உழைப்பில் குறைந்தவர்கள் அல்லர், தனித்தனியே படித்தார்கள். பின்னவர்கள் தனியே படித்தபின் கூடி, ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள். அதன்பின் அவர் தொடங்கிய பயிலரங்குகளில் எளிய கணக்குகள் தரப்படவில்லை. கடினமான கணக்குகளே தரப்பட்டன. தேர்ச்சி உயர்ந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1973இல், மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் கான்சஸ் நகர வளாகத்தில் டியன்னா மார்ட்டின் தொடங்கிய துணைப்பயிற்சி முறை இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. பலவீனமான மாணவர் யார் என்று அம்முறை தேடுவதில்லை; மிகுதியானோர் தவறும் தாள் எது என்றே பார்க்கிறது. அத்தாளில் முன்பே நன்கு தேறிய மாணவர் ஒருவர் மீண்டும் அதே வகுப்பில் அமர்ந்து கேட்கிறார்; பின்னர், விரும்பி வருகிற எவரோடும் கூடிப் படிக்கிறார். வருவோர் மீது ‘மந்தம்’ என்ற முத்திரை விழுவதில்லை. கேரள உயர்கல்வித் துறை கலை, அறிவியல் கல்லூரிகளில் நடத்திவந்த ‘ஸ்காலர் சப்போர்ட்’ திட்டம் போன்றவை நல்ல நோக்கம் கொண்டவையே. எனினும், உதவி வேண்டுவோரைத் தனியே பிரித்துப் பட்டியலிட்டால், உண்மையில் உதவி வேண்டுபவன் அந்தப் பட்டியலில் தன் பெயர் வராமல் பார்த்துக்கொள்வான். இதை அறிய ஆராய்ச்சி தேவையில்லை.

மேலைநாட்டிலிருந்து இம்முறையைக் கடன் வாங்குவதாக எண்ண வேண்டியதில்லை. கடன் முதலில் எதிர்த்திசையில் சென்றது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கச் செய்தார். 1797இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலால் அது ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்றுப் பிரிட்டன் முழுவதும் பரவியது. தமிழகத்துத் திண்ணைப் பள்ளியில் அந்தப் பொறுப்பிலிருந்த மூத்த மாணவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். திருவனந்தபுரத்திலும் அந்தப் பதவி உண்டு. சட்டம்பி சுவாமிகளின் பெயரே, ஆசான் பள்ளியில் அவர் வகித்த அப்பொறுப்பால் வந்தது. பிற்கால மலையாளத்தில் ‘சட்டம்பி’ என்பது போக்கிரியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. மூத்த மாணவன் வழிகாட்டியாகவும் ஆகலாம், கொடுமைக்காரனாகவும் ஆகலாம் என்பதை ஒரே சொல்லில் மொழி காத்து வைத்திருக்கிறது!

கல்லூரிகளின் நிலையும் இதுவே. கேரளம் 1998இல் ராகிங் தடைச் சட்டம் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதிமுறைகள் வகுத்தது. முதலாண்டு மாணவரை மூத்தோரிடமிருந்து விலக்கி வைப்பது பாதுகாப்புக்கான வழிகளில் ஒன்றாயிற்று. தேவையான வேலிதான்; ஆயினும் தீமையைத் தடுத்த வேலி உதவியையும் சேர்த்துத் தடுத்தது. அதில் ஒரு வாயில் வேண்டும் என்பதை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு உணர்ந்து, 2017இல் மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்தது. புதியவர்களைச் சிறு குழுக்களாக்கி, ஆசிரியரோடு மூத்த மாணவரையும் துணையாக்கியது. காந்திநகர் ஐ.ஐ.டி. 2011இலேயே ஐந்து வார அடித்தளப் பயிற்சியைத் தொடங்கியிருந்தது. மூன்று வாரம் நல்ல தொடக்கம். ஆனால் தாள்கள் கடினமாவது நான்காவது வாரத்திலிருந்துதான்.

முதலாண்டில் இடறும் இடங்கள் எவை? நுண்கணிதம், பொறியியல் விசையியல், பொறியியல் வரைபடம். விசையியலில் ‘மொமெண்ட்’ என்ற சொல் வருகிறது. ‘கணப்பொழுது’ என்ற பொருளில்தான் மாணவன் அதை அறிந்திருக்கிறான். ஆசிரியர் வாய்பாட்டை எழுதிவிட்டு மேலே செல்கிறார். எழுபது பேர் வகுப்பில் எழுந்து கேட்க நாணம். அதே ஊரைச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ‘கடப்பாரையின் நுனியைப் பிடித்துக் கல்லைப் புரட்டுவதற்கும் நடுவில் பிடித்துப் புரட்டுவதற்கும் உள்ள வேறுபாடு’ என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னால் போதும். வெள்ளறடைப் பக்கத்துக் கற்குவாரிகளைக் கண்டு வளர்ந்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தேர்வில் விடையை ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும். பொருள் விளங்கியபின் அதைப் பழக்கிவிடலாம். பேராசிரியருக்கு எப்போதோ மறந்துபோன அந்த இடறல், இரண்டு ஆண்டுகளுக்கு முன் தானே இடறியவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆகவே, இந்தத் துணை கல்லூரி வளாகத்தோடு நின்றால் போதாது; மாணவன் உறங்கும் ஊருக்கு அது வர வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. 1945இல் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைக் கூட்டித் தொடங்கிய கிரந்தசாலை இயக்கம், கேரளத்தின் சிற்றூர்களிலும் வாசகசாலையை நிலைபெறச் செய்தது. சனிக்கிழமை மாலைகளில் அதில் ஒரு மேசையும் கரும்பலகையும் போதும். பல கல்லூரிகளின் மாணவர்கள் அங்கே ஒன்றாய் அமரலாம். முதலாண்டுக் கணிதம் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒன்றே. எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கும் அங்கே இடமுண்டு.

செலவைக் கணக்கிட்டால், எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு வாரம் இரண்டு மணி நேரமாகப் பதினான்கு வாரம் கூடினால் 28 மணி நேரம். வழிநடத்தும் மாணவிக்கு மணிக்கு 200 ரூபாய் தருவதாகக் கொண்டாலும் 5,600 ரூபாய். தலைக்கு 700 ரூபாய். தாள்கள் தேங்கி ஒருவனுக்கு ஓர் ஆண்டு நீண்டால், இழப்பு கட்டணம் மட்டுமன்று. ஓர் ஆண்டு ஊதியமும் போகிறது, வங்கிக் கல்விக் கடனுக்கு வட்டியும் ஏறுகிறது. இவற்றின் முன் 700 ரூபாய் கணக்கில் சேராத தொகை. சேவை மனப்பான்மையால் மட்டும் இது நடக்கும் என்று நம்புவது தவறு. மூன்றாம் ஆண்டு மாணவிக்கும் தன் தேர்வு உண்டு, தன் வறுமையும் உண்டு. ஊதியம் தராத பணி முதல் பருவத்தேர்வோடு நின்றுபோகும்.

இதில் பணத்தைவிடச் சிறிய இடர்கள் மிகுதி. வாசகசாலைகள் பொதுவாக மாலையில் திறந்து முன்னிரவில் மூடுகின்றன; தேர்வுக் காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் வேண்டியிருக்கும். அந்த நேரத்திற்குச் சாவியை யார் வைத்திருப்பது, பெண் பிள்ளைகளை வீடுவரை யார் கொண்டுவிடுவது, மின்கட்டணம் யார் பொறுப்பு? ஊராட்சி உறுப்பினரும் நூலகச் செயலாளரும் இரண்டு பெற்றோரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் முடிகிற இவற்றை, மேலிருந்து வரும் எந்த ஆணையும் முடித்துவைக்க முடியாது. சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்குவதற்கு இடைப்பட்ட வாரங்களே அதற்கு ஏற்ற காலம்.