உழைக்கிறவருக்கு நாற்காலியும் வேண்டும்

வேலை முடித்த கையோடு பிள்ளையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, வாசலோரமாகவே நின்றுகொண்டிருக்கும் தகப்பன்மார்களே! உள்ளே இடம் இருக்கிறது, வந்து உட்காரலாம்.

'பெற்றோர் ஆற்றும் தொண்டு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நாலு வார்த்தை பாராட்டிவிட்டு இறங்கு என்பதுதான் இதற்கு அர்த்தம் என்று எனக்கும் தெரியும். பாராட்டத்தான் போகிறேன். அதற்குப் பிறகு பள்ளி நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதையும் கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன்.

இந்த மாதிரி ஒரு சின்னக் கத்தோலிக்கப் பள்ளி எப்படி நடக்கிறது என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. அரசு உதவி பெறும் பள்ளி என்றதும், எல்லாவற்றையும் அரசாங்கமே கொடுக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அரசு கொடுப்பது பெரும்பாலும் ஆசிரியர் சம்பளம். ஓடு ஒழுகினால், கழிப்பறைக் கதவு கழன்றால், பெஞ்சு உடைந்தால் நிர்வாகம்தான் பார்க்க வேண்டும். நிர்வாகம் என்பது பக்கத்தில் இருக்கும் கன்னியர் மடம். அங்கே பணம் காய்க்கிற மரம் ஏதும் இல்லை. ஆக, கொத்தனார் வேலை தெரிந்த தகப்பன் ஞாயிற்றுக்கிழமை வந்து பூசிவிட்டுப் போகிறார். எலக்ட்ரீஷியன் ஒருவர் மின்விசிறியைக் கழற்றி மாட்டுகிறார். கூலி கேட்பதில்லை. டீ கொடுத்தால் குடிக்கிறார்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்றைத் தாய்மார்கள் செய்கிறார்கள். ஆகஸ்டு 1-ஆம் தேதி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் எத்தனை ஆசிரியர் என்று கணக்குப் போடுகிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஒரு டீச்சர் 'உபரி' ஆகிவிடுவார். ஏப்ரல் வெயிலில் சுற்றுவட்டத்து ஊர்களான ஹார்விபட்டிக்கும் நிலையூருக்கும் தனக்கன்குளத்துக்கும் நடந்துபோய், "எங்க பள்ளிக்கூடத்துல சேருங்கக்கா" என்று வீடு வீடாகக் கேட்பது யார்? நோட்டீஸ் அடித்தால் வராத பிள்ளை, பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டால் வருகிறது. ஒரு ஆசிரியர் பணியிடத்தைக் காப்பாற்றும் வேலை அது. செய்கிற தாய்மார்களுக்கே அது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

இன்னொன்று. நமக்கு அடுத்த ஊர் விளாச்சேரி. பரிதிமாற் கலைஞர் பிறந்த ஊர். கொலுவுக்குப் பொம்மை செய்கிற அதே கைகள்தான் மார்கழி பிறக்கும் முன்னே குழந்தை இயேசுவையும் மாதாவையும் சூசையப்பரையும் மூன்று ராஜாக்களையும் களிமண்ணில் பிடித்துச் சூளையில் வைக்கின்றன. நம் ஊர் மலையின் பேரில் நடக்கும் சமயச் சச்சரவைப் பற்றிப் பேப்பரில் என்னென்னவோ வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும். சாயங்காலம் இந்தப் பள்ளி வாசலில் வந்து நின்று பாருங்கள். திருநீறு பூசிய நெற்றியும் முக்காடிட்ட தலையும் ஜெபமாலை போட்ட கழுத்தும், "இன்னைக்கு டெஸ்டுல எத்தனை மார்க்கு" என்று ஒரே கேள்வியோடுதான் நிற்கின்றன.

எல்லாச் சமயத்தவரும் ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவது இன்று நேற்று வந்த பழக்கமா? 1595 வாக்கில் மதுரைக்குக் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்றொரு போர்த்துக்கீசியச் சேசு சபைப் பாதிரியார் வந்தார். முன்னாள் படைவீரர். முத்துக்குளித்துறையிலிருந்து வியாபாரத்துக்கு வரும் பரதவர்களுக்குப் பூசை வைக்க வந்தவர், கோயிலோடு ஒரு சின்ன மருத்துவசாலையும் ஒரு சின்னப் பள்ளிக்கூடமும் தொடங்கினார். அந்தப் பள்ளியில் பாடம் சொன்னவர் ஓர் இந்து வாத்தியார். படித்தவர்கள் ஊர்ப் பிள்ளைகள். பெர்னாண்டஸ் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தும் உள்ளூரில் ஒருவரையும் அவரால் மதம் மாற்ற முடியவில்லை. 1606-இல் ராபர்ட் தெ நொபிலி வந்ததும், அந்த வாத்தியாரோடுதான் நாள் கணக்காக உட்கார்ந்து வாதம் செய்தார். அது வேறு கதை. நான் சொல்ல வந்தது, மதுரையில் அந்தச் சபையின் பள்ளி தொடங்கியபோதே அதை நிறைத்தவர்கள் வேறு சமயத்துப் பிள்ளைகள். அனுப்பிவைத்தவர்கள் அவர்களைப் பெற்றவர்கள்.

பிள்ளையை அனுப்பியதோடு பெற்றவர்கள் நின்றுவிடவில்லை, பள்ளியைத் தாங்கவும் செய்தார்கள். இங்கிருந்து திருமங்கலம் தாண்டி நேர் தெற்கே போனால் விருதுநகர். அங்கே க்ஷத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளி எப்படி நடந்தது தெரியுமா? வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்கள். அதை வசூலித்து விற்றுப் பள்ளியை நடத்தினார்கள். பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றே ஊரில் பெயர். அதில் படித்த ஒரு பையன்தான் பின்னால் காமராசர். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் இதே பிடியரிசி உண்டு. குரியாக்கோஸ் ஏலியாஸ் சாவறா என்ற பாதிரியார் 1864-இல் கோயிலுக்கு ஒரு பள்ளி இருந்தே தீர வேண்டும் என்றார். ஏழைப் பிள்ளைகளின் மத்தியானச் சோற்றுக்காகத் தாய்மார்களிடம் தினம் ஒரு பிடி அரிசி கேட்டார். 2014-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அரிசி போட்ட தாய்மார்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

காமராசர் முதலமைச்சராகி 1956-இல் மதிய உணவைத் தொடங்கியபோது ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்று கணக்கு. ஆறு பைசா அரசு, நாலு பைசா ஊர். அந்த நாலு பைசாவை ஊர் கொடுக்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. கொடுத்தது. 1958-இல் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாட்டைக் கூட்டினார். அப்புறம் மாவட்டம் மாவட்டமாக மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கடிகாரம், பானை, கரும்பலகை என்று ஜனங்கள் கொண்டுவந்து குவித்தார்கள். முதலமைச்சரே மேடையில் நின்று ஊராருக்கு நன்றி சொன்னார்.

இப்போது அரசின் காலை உணவுத் திட்டத்துக்கு வருகிறேன். 2022 செப்டம்பர் 15-இல் நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் அது தொடங்கியது. நல்ல திட்டம், மறுக்க மாட்டேன். ஆனால் ஒரே தெருவில் மாநகராட்சிப் பள்ளிக்குப் போகிற அக்கா பொங்கல் சாப்பிட்டுவிட்டு உட்கார, உதவி பெறும் பள்ளிக்குப் போகிற தங்கை பசியோடு உட்கார்ந்தாள். கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு அது 2024 ஜூலை 15-இல் வந்தது, கீழச்சேரி புனித அன்னாள் பள்ளியில். நம்மைப் போல் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு 2025 ஆகஸ்டு 26-இல் வந்தது, மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியில். இரண்டு தொடக்கமும் கத்தோலிக்கப் பள்ளியில் நடந்ததைக் கவனியுங்கள். இன்று காலையில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, சாம்பார் சூடாக வந்ததா என்று தொட்டுப் பார்க்கிற தாய்மார்கள் இந்தப் பள்ளியிலும் இருக்கிறார்கள். பாராட்டு இதோடு முடிந்தது.

இனி நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த தாய், வந்த பணம் எங்கே போனது என்று சட்டப்படி கேட்கலாம். சிறுபான்மையினர் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில் அந்தக் குழு ஆலோசனை மட்டும் சொல்லலாம் என்று 2012-இல் திருத்தினார்கள். 2014 மே 6-இல் உச்ச நீதிமன்றம், பிரமதி வழக்கில், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்றது. 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பு சரிதானா என்று கேட்டுப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்றிருக்கிறார்கள். டில்லியில் முடிவு வருகிறபோது வரட்டும்.

சிறுபான்மையினர் தங்கள் பள்ளிகளைத் தாங்களே நடத்த உரிமை தரும் அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவை நான் குறை சொல்லவில்லை. அதைப் பறிக்க வந்தால் எதிர்த்துப் பேச முதல் ஆளாக வருவேன். அதிகாரிகள் மூக்கை நுழைக்காமல் இருக்கத்தான் அந்த உரிமை இருக்கிறது. கொத்தனார் வேலை பார்த்த தகப்பனிடம் கணக்கு நோட்டைக் காட்டாமல் இருக்க அது எழுதப்படவில்லை. இதை நான் சொன்னால் வெளியாள் பேச்சு. 1965 அக்டோபர் 28-இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று சொல்லியிருக்கிறது. தாளாளர் சிஸ்டர், நீங்கள் அதைப் படித்திருப்பீர்கள்.

உழைப்பு மட்டும் அவர்களுடையது, முடிவெல்லாம் அலுவலக அறையில் என்றால், ஊதியமில்லாத வேலையாட்களாகத்தான் பெற்றோரை வைத்திருக்கிறோம். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் நாமாகச் செய்தால் அதற்கு மதிப்பு அதிகம். மாதம் ஒருமுறை வரவு செலவை ஒரே ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குப் பிள்ளை படித்துச் சொல்லும். பிள்ளைக்கும் கணக்குப் பாடம் ஆயிற்று. பெற்றோர் கூட்டத்தைப் புதன்கிழமை பதினோரு மணிக்கு வைக்காதீர்கள். பூக்கட்டுகிறவருக்கும் சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும் அது ஒரு நாள் கூலி. மாற்றுச் சான்றிதழ் வாங்க வருகிறவரிடம் நன்கொடைப் புத்தகத்தை நீட்டும் வழக்கம் சில பள்ளிகளில் உண்டு. அந்த நேரத்தில் யாரால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியும்? இங்கே அந்த வழக்கம் தலைகாட்டக் கூடாது. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திலும் இந்த மேடையிலும் ஐந்து நாற்காலி போட்டால் அதில் மூன்று தாய்மார்களுக்கு. இன்றைக்கு மேடையில் எத்தனை தாய்மார்கள் என்று நான் எண்ணப்போவதில்லை. நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் பணி முறைப் பட்டியலைத் தலைமையாசிரியை காட்டினார். சாலை ஓரத்தில் நிற்பது, காலை உணவு, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றிலும் அம்மாக்களின் பெயர்தான். ஆண்டுவிழாவுக்கு மைக் செட் பிடிக்கும் குழுவில் மட்டும் பதினோரு ஆண்கள்! தொட்டி கழுவ இந்த மாதக் கடைசி ஞாயிறு காலிப் பக்கமாக இருக்கிறது. நோட்டு அந்த மேசையில்தான் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறார்கள். போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.