வீட்டுக் கணினிக்குக் காவல்: இனாமா, கிரயமா?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு பிரேரணை வந்தது. நம் அங்கத்தினர் இல்லங்களிலுள்ள கணினிகளுக்கெல்லாம், விலைக்கு விற்கப்படும் வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சங்கமே மொத்தமாகக் கொள்முதல் செய்து வழங்க வேண்டும் என்பது அது. அதற்கு வேண்டிய தொகையை ஏழை மாணவர் உபகாரச் சம்பள நிதியிலிருந்து இப்பொழுது எடுத்துப் பின்னர் ஈடு செய்துகொள்ளலாம் என்பதும் அப்பிரேரணையின் ஒரு பகுதி. அதனைக் கொணர்ந்த அன்பர்களின் நல்லெண்ணத்தை யாம் மதிக்கின்றோம். ஆயினும் அந்த நிதி பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம். அதில் கை வைக்குமுன், வாங்கப்போகும் சரக்கு யாது, அச்சரக்கு ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கின்றதா இல்லையா என்று பார்ப்பது வாணிகத்திலே வளர்ந்த நமக்கு முறையாகும். அதன் பொருட்டே இன்று பேச முன்வந்தோம்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் வாயிலில் நிற்கும் காவற்காரனை ஒக்கும். அவன் கள்வரை இரு வகையால் அறிகின்றான். முன்பே பிடிபட்டவர்களின் அங்க அடையாளங்கள் எழுதிய பட்டியல் ஒன்று அவன் கையில் உண்டு. உள்ளே வரும் ஒவ்வொரு கோப்பையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். பட்டியலில் இல்லாதவனாயினும், ஒருவன் நுழைந்தவுடன் வீட்டுப் பெட்டிகளை வரிசையாகப் பூட்டத் தொடங்கினால், அந்த நடத்தை கண்டு அவனைப் பிடிப்பான். 1986-ல் லாகூரில் இரு சகோதரர் எழுதிய 'பிரெய்ன்' என்னும் வைரஸ் பிளாப்பித் தட்டுகளின் வழியே பரவிய காலத்தில் பட்டியல் மிகச் சிறிது. இக்காலத்திலோ அது நாள்தோறும், ஏன், மணிதோறும் வளர்கின்றது. புதுப்பிக்கப்படாத பட்டியலை வைத்துக்கொண்டு நிற்கும் காவற்காரன் எத்துணைச் சம்பளம் பெற்றாலும் குருடனே.

நிற்க. இனாம் என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. இதனை அநேகர் அறியாமையே குழப்பத்திற்கு மூலம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2009-ல் 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' என்னும் பெயரால் ஒரு தடுப்பு மென்பொருளை இலவசமாக அளித்தது. 2012-ல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் அவ்வகைக் காவலை இயங்குதளத்தினுள்ளேயே அமைத்துவிட்டது. இன்று 'டிஃபெண்டர்' என வழங்கும் அது, விண்டோஸ் 10, விண்டோஸ் 11 உள்ள ஒவ்வொரு கணினியிலும் நாம் கேளாமலே நின்று காக்கின்றது. தன் பட்டியலைத் தானே புதுப்பித்துக்கொள்கின்றது. இதனை இனாம் என்பதுகூடப் பொருந்தாது. வீட்டை விலைக்கு வாங்கியபோது கதவும் அவ்விலையில் அடங்கியதுபோல, விண்டோஸின் கிரயத்தில் அடங்கிய பொருள் இது.

"கூட வந்த கதவு உறுதியாக இருக்குமா?" என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் அது மெலிந்ததாகத்தான் இருந்தது. சோதனைகளில் கடைசி வரிசையில் நின்றதும் உண்டு. இப்பொழுது அந்நிலை இல்லை. ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத்து ஏ.வி.-டெஸ்ட் என்னும் நிலையம் இம்மென்பொருள்களைத் தொடர்ந்து சோதித்து வருகின்றது. பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்னும் மூன்றிற்கும் 6 புள்ளிகள் வீதம் 18 புள்ளிகள் அதன் அளவுகோல். டிஃபெண்டர் அந்த 18-ஐயும் முழுமையாகப் பெற்ற முறைகள் பல. ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ருக் நகரத்து ஏ.வி.-கம்பேரடிவ்ஸ் நிலையத்தின் சோதனைகளோ அதன் குறை ஒன்றையும் காட்டின. இணையத் தொடர்பு அற்றிருக்கும்போது டிஃபெண்டரின் பார்வை சற்று மங்குகின்றது. இணையமே இல்லாமல், பலர் கைப்பட்ட பென் டிரைவ்களை நாள் முழுதும் செருகும் கணினிக்கு இது பெருங்குறை. நம் வீடுகளில் அத்தகைய கணினி மிகச் சில; அச்சுத் தொழில் செய்வோர் மட்டும் இதனைக் கருத்திற் கொள்க.

இரண்டாவது வகை இனாம், வேறு நிறுவனங்கள் தம் பெயரில் கட்டணமின்றிக் கொடுப்பது. இங்கேதான் நாம் வியாபாரிகளாக நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்தக் காவற்காரனுக்குக் கூலி கொடுப்பவர் யார்? நூற்றுக்கணக்கானோரை வேலைக்கமர்த்தி இரவு பகலாகப் பட்டியல் தயாரிக்கும் நிறுவனம் காற்றைக் குடித்து வாழாது. நேர்மையான நிறுவனங்களுக்கு இது மாதிரிச் சரக்கு. இதனை ருசி பார்த்தவருள் சிலர் நாளை விலைக்கு வாங்குவர் என்பது கணக்கு. அதிற் குற்றமில்லை. அடிக்கடி திரையில் எழுந்து "மேலான பதிப்பை வாங்குக" என்று நச்சரிக்கும்; அவ்வளவே. எல்லாரும் அவ்வளவில் நிற்கவில்லை என்பதற்குச் சான்று உண்டு. செக் நாட்டில் தோன்றிய அவாஸ்ட் நிறுவனம், தன் மென்பொருளைப் பயன்படுத்தியோர் இணையத்தில் எங்கெங்குச் சென்றனர் என்னும் விவரத்தைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்னும் தன் துணை நிறுவனத்தின் வாயிலாகப் பிறர்க்கு விற்றது. 2020 ஜனவரியில் செய்தி வெளிப்பட்டதும் அத்துணை நிறுவனத்தை மூடினர். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024-ல் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தும்படி அவாஸ்டைப் பணித்து, அத்தகைய விவரங்களை விளம்பரத்தின் பொருட்டு விற்பதையும் தடுத்தது. கள்வரைக் காக்க நின்றவன் வீட்டாரின் போக்குவரவைக் குறித்து வைத்து விற்றான் என்றால், அதனை எந்தக் கணக்கில் எழுதுவது?

இனிக் கிரயத்தின் பக்கம் செல்வோம். விலை கொடுத்தவனுக்குக் கூர்மையான கண்ணுடைய காவற்காரன் கிடைக்கின்றான் என்று பலர் நம்புகின்றனர். பெரும்பாலும் அவ்வாறன்று. ஒரே நிறுவனத்தின் இலவசப் பதிப்பிலும் விலைப் பதிப்பிலும் வைரஸைக் கண்டுபிடிக்கும் பொறி பொதுவாக ஒன்றே. கூடுதல் பணத்திற்குக் கிடைப்பவை கடவுச்சொற்களைக் காக்கும் பெட்டகம், குழந்தைகள் பார்க்கும் தளங்களைக் கட்டுப்படுத்தும் வசதி, வி.பி.என்., ஒரே சந்தாவில் பல கருவிகள், துன்பம் நேர்ந்தால் தொலைபேசியில் ஓர் ஆள் ஆகியவை. இவற்றுள் இறுதியில் சொன்னதை யாம் இகழமாட்டோம். பிள்ளைகள் அயல்நாடு சென்றுவிட, வீட்டில் முதியோர் இருவர் மட்டும் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. திரையில் ஏதோ சிவப்பாய்த் தோன்றினால் அழைத்துக் கேட்க ஒருவர் வேண்டும், அதுவும் தமிழிலே பேசுபவராயின் நலம், என்று கருதும் வீட்டார் பணம் கொடுப்பது வீண் செலவன்று. சென்னையிலே கே7 நிறுவனமும், பூனாவிலே குயிக் ஹீல் நிறுவனமும் இத்தொழிலில் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. வெளிநாட்டுப் பெயரைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை.

ஆனால் விலைச் சரக்கு என்பதனாலேயே அது சுத்தமானது என்று கொள்ளலாகாது. முதலாண்டில் பாதி விலை, மறு ஆண்டில் முழு விலை. அதுவும் நம்மைக் கேளாமல் அட்டையிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இவ்வழக்கத்தை எதிர்த்துப் பிரிட்டனின் போட்டி ஆணையம் நடவடிக்கை எடுத்தபின், 2021-ல் மக்காஃபீ, நார்ட்டன் என்னும் இரு பெரு நிறுவனங்களும் சந்தாவைத் தானாகப் புதுப்பிக்கும் முறையைத் திருத்திக்கொள்ள உடன்பட்டன. அதே 2021-ல் நார்ட்டன் தன் விலைப் பதிப்பினுள் மறைநாணயம் தோண்டும் கருவியொன்றைச் சேர்த்தது. வாடிக்கைக்காரர் விரும்பி இயக்கினால்தான் அது வேலை செய்தது என்பது உண்மையே. இயக்கியவர் பெற்ற நாணயத்தில் நூற்றுக்குப் 15 பங்கு நிறுவனத்திற்குச் சென்றது. மின்சாரக் கட்டணமோ முழுவதும் வீட்டுக்காரர்க்கு. சம்பளமும் வாங்கிக்கொண்டு திண்ணையில் கடையும் போட்ட காவற்காரனை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

மூன்றாவது ஒன்று உண்டு. அதுதான் நம் சமூகத்தில் மிகுதியாக வழங்குவது என்று அஞ்சுகின்றோம். அது விலைச் சரக்கின் கள்ளப் பிரதி. பிரேரணை கொணர்ந்த அன்பர்களுள் ஒருவரின் இசைவு பெற்றே இதனைச் சொல்கின்றோம். அவர் வீட்டுக் கணினியில் டிஃபெண்டர் இருந்தது. "அது இனாம், இனாம் போதாது" என்று எண்ணிய அவர் தமையனார் மகன், பெயர் பெற்ற விலைப் பதிப்பொன்றைக் கள்ளச் சாவியோடு இணையத்தில் கண்டு இறக்கினான். உடன் வந்த குறிப்பு, "முதலில் கணினியில் உள்ள காவலை நிறுத்துக" என்றது. நிறுத்தினான். அன்றிரவே நான்காண்டுக் கணக்குகளும் படங்களும் பூட்டப்பட்டு, திறவுகோலுக்கு விலை கேட்கும் ஓலை ஒன்று திரையில் நின்றது. அன்பர் பணம் அனுப்பவில்லை, அது நன்றே. கொடுத்தவர்க்கெல்லாம் திறவுகோல் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. கணக்குகளை ஜி.எஸ்.டி. விவரங்களைக் கொண்டும் வங்கிப் பட்டியல்களைக் கொண்டும் தணிக்கையாளர் இரண்டு மாதத்தில் மீண்டும் எழுதி முடித்தார். காலஞ்சென்ற தாயாரின் குரலைப் பதிவு செய்து அக்கணினியில் மட்டுமே வைத்திருந்தார், அது போயிற்று.

அவ்வீட்டிற்கு நேர்ந்ததைக் கண்டே பிரேரணை எழுந்தது. ஆனால் அங்கே தோற்றது இனாம் காவலன்று. அதனை வீட்டாரே வெளியே அனுப்பினர். விலை கொடுத்து வாங்கிய காவலும் நிறுத்தப்பட்டபின் அதே கதியை அடைந்திருக்கும்.

அன்றியும், எந்தக் காவற்காரனாலும் இடிந்த சுவரைக் காக்க இயலாது. 2017 மே 12-ஆம் நாள் 'வான்னாக்ரை' என்னும் பூட்டும் வைரஸ் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தடைப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. இட்டுக்கொண்டவர் தப்பினர். புதுப்பித்தலுக்கு ஒரு காசும் செலவில்லை. சிறிது பொறுமைதான் செலவு. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை அந்நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தியது. பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு அளித்தது. நம்மில் பலரிடம் இருப்பது அப்பழைய பதிப்பே. கணினி இடங்கொடுக்குமாயின் விண்டோஸ் 11-க்கு மாறுவதே, எந்த மென்பொருளை வாங்குவதினும் முந்தி ஆகவேண்டிய காரியம்.

ஓ.டி.பி. எண்ணை நாமே தொலைபேசியில் படித்துக் காட்டுவதை எந்த மென்பொருளும் தடுக்காது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, எது நம் பணத்திற்குத் தகுந்த இடம்? நம் பாட்டனார் காலத்துக் கடைகளில் சிட்டையில் எழுதியதை அன்று மாலையே நாள்வழியில் ஏற்றி, நாள்வழியிலிருந்து பேரேட்டிற்குக் கொண்டு செல்வர். சிட்டை நனைந்தாலும் நாள்வழி இருக்கும். பேரேட்டை வீட்டிற்கு எடுத்துச் சென்று வைப்பவரும் இருந்தனர். கடை எரிந்தாலும் கணக்கு எரியாது. அவ்வழக்கத்தைக் கணினி வந்தவுடன் கைவிட்டோம்! ஒரு புற ஹார்டு டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை கணக்குகளையும் படங்களையும் அதிலே நகல் செய்து, செய்து முடித்தவுடன் கழற்றிப் பெட்டியில் வைப்போமாயின், பூட்டும் வைரஸின் ஓலையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. கழற்றுதல் முக்கியம். செருகியபடியே விட்டால் கணினியோடு அதுவும் பூட்டப்படும். பல ஆண்டுகள் உழைக்கும் இப்பொருளுக்கு ஆண்டுச் சந்தாவும் இல்லை.

ஆகவே பிரேரணைக்கு ஒரு திருத்தம் கொணர்கின்றோம். உபகாரச் சம்பள நிதியைத் தொட வேண்டா. அதற்குப் பதிலாக, நம் மாணவர் விடுதியில் கணினிக் கல்வி பயிலும் இளைஞர்களைக் கொண்டு, விரும்பும் அங்கத்தினர் வீடுகளுக்கு ஞாயிறுதோறும் செல்லும் குழு ஒன்று அமைக்கலாம். அவர்கள் விண்டோஸ் புதுப்பிக்கப்பட்டுள்ளதா, டிஃபெண்டர் இயங்குகின்றதா என்று பார்ப்பர். முன்பு கணினியோடு வந்த முப்பது நாள் மாதிரி மென்பொருள் ஏதேனும் காலாவதியாகிக் கிடந்தால் அதனையும், கள்ளப் பிரதி இருந்தால் அதனையும் நீக்குவர். ஒரே வீட்டுக்கு இரண்டு காவற்காரரை வைத்தால் ஒருவரையொருவர் கள்வர் என்று பிடித்துக்கொள்வர், கணினியும் நகராது. குறித்த கோப்புறைகளை அறிமுகமற்ற செயலிகள் தொடாதபடி தடுக்கும் அமைப்பு டிஃபெண்டரில் உண்டு. அது தானே இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும். கணக்கு வைத்திருக்கும் வீடுகளில் அதனை இயக்கிக் கொடுப்பர். ஐயப்பாடுள்ள கணினிகளுக்கு, மத்திய அரசு 2017-ல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் துப்புரவுக் கருவிகளைப் பயன்படுத்தலாம்.

முதியோர் தனித்திருக்கும் வீடுகளுக்கும், குழந்தைகளைக் கண்காணிக்க விரும்பும் வீடுகளுக்கும் விலைப் பதிப்பு வேண்டுமாயின், அவரவர் செலவில் வாங்கும்பொருட்டுச் சங்கம் விற்பனையாளரிடம் பேசி விலை குறைத்துத் தரலாம். தானாகப் புதுப்பித்துப் பணம் எடுக்கும் ஏற்பாட்டை முதல் நாளே நிறுத்தி வைப்பது அவ்விளைஞர்களின் பொறுப்பாகட்டும். ஒவ்வொரு வீட்டிலும் கணினியின் அருகே 1930 என்னும் எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு வரவும் அவர்களைக் கேட்டுக்கொள்வோம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் களவு போனது தெரிந்தால் அக்கணமே அழைக்க வேண்டிய அரசாங்க எண் அது; தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும். இத்திருத்தத்தைச் சபையோரின் யோசனைக்கு வைக்கின்றோம்.