கைவேலைக்கு ஓர் இணையச் சந்தை: இறங்குமுன் எண்ண வேண்டியவை



எங்கள் தெமியாங் வட்டாரத்துத் தோட்டங்களிலும் சரி, தோட்டத்தை விட்டுச் சிரம்பானுக்குக் குடிவந்த வீடுகளிலும் சரி, ஓய்ந்திருக்காத கைகள் பல உண்டு. ஒயர் கூடை பின்னுகிறவர்கள், பாசிமணி கோக்கிறவர்கள், துணியில் பூவேலை செய்கிறவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவர்களுடைய பொருள்களை ஒரே இடத்தில் காட்டி விற்றுத்தர இணையத்தில் ஒரு சந்தை தொடங்கலாமா என்று படித்த இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது அல்லவா? அதில் வரக்கூடிய நட்டங்களை இன்று எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. ஒரு கூடையின் விலை 30 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து வீதம் தரகு எடுத்தால் சந்தை நடத்துபவருக்கு 3 வெள்ளி கிடைக்கும். இணையத்தளப் பராமரிப்பு, விளம்பரம், படம் எடுப்பது ஆகியவற்றுக்கு மாதம் 600 வெள்ளி செலவானால், 200 கூடைகள் விற்றால்தான் அந்தச் செலவு ஈடாகும். ஒருவர் மாதம் 10 கூடைகள் பின்னுவாரானால் 20 பேர் தவறாமல் பின்ன வேண்டும். 200 கூடைகளை வாங்கவும் ஆட்கள் வேண்டும். இத்தனைக்குப் பிறகும் உங்கள் சொந்த உழைப்புக்குக் கூலி வந்திருக்காது.

அடுத்தது, இருபக்கமும் கூட்டம் சேர்ப்பது. பொருள் குறைவாக இருந்தால் வாங்குவோர் வரமாட்டார்கள். வாங்குவோர் வராவிட்டால் விற்போர் தங்கமாட்டார்கள். பெரிய சந்தைகளும் இதில் தப்பவில்லை. ஜெர்மனியின் பெர்லின் நகரில் 2006இல் தொடங்கிய டவாண்டா என்னும் கைவினைச் சந்தை நாடறிந்த பெயரெடுத்தது. ஆயினும் 2018 ஆகஸ்டு 30ஆம் நாள் அது மூடப்பட்டது. இரண்டு மாதங்களுக்கு முன்பே அறிவித்து, விற்பனையாளர்கள் எட்சி என்னும் மற்றொரு சந்தைக்கு மாறிக்கொள்ள வழி சொன்னார்கள். மூடும்போதும் ஒரு முறை உண்டு என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, 'கைவேலை' என்ற சொல்லின் நாணயம். அமெரிக்காவின் புரூக்ளினில் 2005இல் தோன்றிய எட்சி கைவேலைக்குப் பேர்போனது. வெளித் தயாரிப்பாளர்களின் உதவியோடு செய்யப்படும் பொருள்களையும் விற்கலாம் என்று 2013இல் அது விதியைத் தளர்த்தியபோது, கையால் செய்பவர்கள் பலர் வருந்தினார்கள். விற்பனைக் கட்டணம் 2018இல் 3.5 விழுக்காட்டிலிருந்து 5 ஆயிற்று. 2022இல் அது 6.5 ஆனபோது, விற்பனையாளர்கள் பலர் ஒரு வாரம் தங்கள் கடைகளை மூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சந்தை வளர வளர இத்தகைய நெருக்கடி வரவே செய்யும். ஆகவே எது கைவேலை, தரகு எவ்வளவு, அதை உயர்த்த யாருடைய இசைவு வேண்டும் என்பவற்றைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிடுவது நலம்.

நான்காவது, சட்டமும் பணமும். வணிகம் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். விற்பவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைச் சந்தை நடத்துபவர் குறித்து வைத்திருக்கும் கடமை 2012ஆம் ஆண்டு மின்வணிக விதிகளிலேயே சொல்லப்பட்டது. இன்று நடப்பிலுள்ள விதிகளை முதலிலேயே கேட்டறியுங்கள். வாங்கியவர் செலுத்தும் பணத்தில் பெரும்பகுதி பின்னியவருக்கு உரியது. அதைத் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். வழியில் உடைந்த பொருளுக்கு யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

சிறு தொகையால் பெரிய காரியம் செய்ய முடியும் என்பது நமக்குப் புதிதன்று. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது. அதற்காக அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களிடம் பேசினார். நம்பிக்கை முதலில் சேர்ந்தது. பணம் பிறகு சேர்ந்தது.

எனவே இப்படிச் செய்து பாருங்கள். சொந்தத் தளம் கட்டுமுன், ஏற்கெனவே உள்ள ஷோப்பி போன்ற தளத்தில் ஒரு கடை திறந்து, பத்துப் பேரின் பொருள்களை மூன்று மாதம் விற்றுப் பாருங்கள். ஒருமுறை வாங்கியவர் மீண்டும் வருகிறாரா என்று கவனியுங்கள். போனாலும் குடும்பம் தாங்கும் தொகை எவ்வளவு என்று முடிவு செய்து, அதற்கு மேல் ஒரு காசும் போடாதீர்கள். கடன் வாங்கி அகலக்கால் வைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சந்தை நின்றுபோனால் உங்களுக்கு நட்டம் பணம்தான். பின்னிய அம்மாவுக்கோ விற்காத கூடைகளும், 'இனி யாரையும் நம்பமாட்டேன்' என்ற கசப்பும் மிஞ்சும். உங்கள் பணத்தை எடைபோடும் அதே தராசில் அவர்களுடைய உழைப்பையும் வைத்து எடைபோடுங்கள். அதன்பின்னும் துணிவு குறையவில்லையென்றால், தாராளமாகத் தொடங்குங்கள்.