பவளத் தொட்டியின் மறுகால்

கடல்நீரைக் கண்ணாடிச் சுவர்களுக்குள் நிறுத்தி, பவளத்திட்டில் வாழும் உயிர்களை ஆண்டுக்கணக்கில் அதில் பேணும் கலையில், பார்ப்பவர் கண் மீன்களின் நிறத்திலும் பாறைகளின் அடுக்கிலும் தங்கிவிடுகிறது. அத்தொட்டி எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதையும், ஏதேனும் ஒரு நள்ளிரவில் வீட்டுத் தரையை நனைக்குமா என்பதையும் முடிவு செய்பவை, பின்கண்ணாடியை ஒட்டி மறைந்திருக்கும் இரண்டு நீர்வழிகள். மேல்மட்ட நீர் ஒரு விளிம்பைத் தாண்டித் தானாகக் கீழே இறங்கும் வழியை மீன் வளர்ப்போர் ஓவர்ஃப்ளோ என்பர். இறங்கிய நீரைப் பம்பு மீண்டும் மேலே ஏற்றும் வழி ரிட்டர்ன் எனப்படும். இரண்டையும் இணைப்பது, காட்சித் தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் இருக்கும் சம்ப் என்னும் சிறு தொட்டி. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரும், வெப்பத்தைச் சீராக்கும் கருவிகளும் அதில்தான் இருக்கும். இவ்விரு நீர்வழிகளுக்கும் எவ்வகை அமைப்பைத் தேர்வது என்பதைத் தூத்துக்குடிக் கடற்கரையின் நிலைமைகளை முன்வைத்து இவ்வுரை மதிப்பிடுகிறது.

கடல்நீரைக் கரையேற்றி உயிர்களை வளர்ப்பது இக்கரைக்குப் புதிதன்று. 1961-இல் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு நடந்து முடிந்தபின், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1972-இல் இங்கு முத்து வளர்ப்பு ஆய்வைத் தொடங்கி, 1973-இல் வேப்பலோடையில் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தது. 1981-இல் முத்துச்சிப்பியின் குஞ்சுகளைத் தொட்டிகளிலேயே பொரிக்கவைத்து வளர்க்கும் முறையும் கைவந்தது. இத்தகைய குஞ்சு பொரிப்பகங்களில் கடலிலிருந்து இறைத்த நீர் முதலில் தெளியவிடப்பட்டு, மணலில் வடிகட்டப்பட்டு, மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தன் எடையாலேயே வளர்ப்புத் தொட்டிகளுக்கு இறங்கிப் பயன்பட்டபின் வெளியேறிவிடும். சிப்பியின் முட்டை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே என்பதால், நீர் வெளியேறும் வாயில் நுண்ணிய சல்லடை இல்லாவிட்டால் குஞ்சுகள் அனைத்தும் நீரோடு போய்விடும். இது ஒருவழிப் பாதை; வெளியேறும் வாயில் கோளாறு நேர்ந்தால் மிகுநீர் வடிகாலுக்குப் போகும். வீட்டுத் தொட்டியிலோ அதே நீரே சுற்றிச் சுற்றி வருவதால், கோளாறு நேர்ந்தால் அது போய்ச் சேர வடிகால் கிடையாது, கூடத்தின் தரைதான் உண்டு.

பவளத் தொட்டி என்ற பெயரைக் கேட்டதும் எழக்கூடிய ஒரு கேள்விக்கு இங்கேயே விடை கூறிவிடுவது முறை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் உள்ளடக்கிய பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வான் தீவு, காசுவாரித் தீவு, காரைச்சல்லித் தீவு ஆகியவை அதன் தூத்துக்குடித் தொகுதியைச் சேர்ந்தவை. திட்டு கட்டும் கற்பவளங்கள், கருப்புப் பவளம், குழல் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலிக்கு உரிய அதே அட்டவணையில், இடம்பெற்றுள்ளன. சிங்கப்பூரில் வாழும் தமிழர் ஒருவர் முறையாக இறக்குமதியான கற்பவளத்தைக் கடையில் வாங்கித் தம் தொட்டியில் வளர்க்கலாம். தூத்துக்குடியில் அது குற்றம். ஆகவே இங்குள்ள வீட்டுத் தொட்டி, மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உருவான குஞ்சு பொரிப்பு முறையால் கிடைக்கும் கோமாளி மீன் போன்ற திட்டு மீன்களையும் உலர்ந்த பாறைகளையும் கொண்டதாகவே அமைய வேண்டும். குழாய்களின் இலக்கணத்தில் இதனால் மாற்றம் ஏதும் இல்லை.

கடல் இவ்வளவு அருகில் இருக்க, சுற்றோட்டம் எதற்கு, நாள்தோறும் குடத்தில் மொண்டு வந்து மாற்றினால் போதாதா என்று கேட்பவர் உண்டு. துறைமுகத்தை ஒட்டிய நீர் கலங்கலானது; வடகிழக்குப் பருவமழையில் கரையோர நீரின் உப்புத்தன்மை சட்டெனச் சரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நினைவுகூர்வோர்க்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. உப்பளத்து உப்பைக் கரைத்துக் கடல்நீர் ஆக்கலாம் என்பதும் மயக்கமே: பாத்தியில் சுண்ணாம்புச் சத்து முன்னதாகவே படிந்துவிட, மெக்னீசியம் பெரும்பகுதி கசப்புநீரில் தங்கிவிட, எஞ்சி விளைவது சமையலுக்கு ஏற்ற உப்பு.

ஓவர்ஃப்ளோவின் முதல் உறுப்பு நீர் தாண்டும் விளிம்பு. தென்மாவட்டக் குளங்களில் கலிங்கைத் தாண்டி மறுகால் பாய்வதைப் பார்த்தவர்க்கு இதன் தத்துவம் புதிதல்ல. கலிங்கு நீளமாக இருந்தால் அதே வெள்ளம் மெல்லிய தகடாகவும், குட்டையாக இருந்தால் தடித்த திரளாகவும் இறங்கும். மணிக்கு 2,000 லிட்டர் நீர் 30 சென்டிமீட்டர் நீள விளிம்பைத் தாண்டும்போது அதன்மேல் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். பின்கண்ணாடியின் முழு நீளமான 120 சென்டிமீட்டருக்கும் விளிம்பை நீட்டினால் அதே நீர் 4 மில்லிமீட்டர் தடிமனில் தாண்டிவிடும். இந்த வேறுபாடு அழகுக்காக அன்று. மீனின் கழிவும் தீனியின் எண்ணெய்ப் பசையும் நீரின் மேற்பரப்பில் ஆடைபோலப் படிந்து, காற்றும் நீரும் உயிர்வளியை மாற்றிக்கொள்வதைத் தடுக்கும். தாண்டும் நீர் எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு தூய்மையாக அந்த ஆடையை அது வழித்துச் செல்லும். மீன் விழாமல் தடுக்க விளிம்பில் சீப்புப் பற்கள் வெட்டும் வழக்கம் உண்டு. பற்கள் விளிம்பின் பயனுள்ள நீளத்தில் பாதியை விழுங்கிவிடக் கூடும் என்பதால், வழுவழுப்பான நீண்ட விளிம்பை வைத்து மேலே வலைமூடி இடுவதே சிறந்தது.

விளிம்பைத் தாண்டிய நீரைச் சம்புக்கு இறக்கும் குழாய்களில்தான் தேர்வு கடினமாகிறது. கண்ணாடியில் துளையிட மனமில்லாதவர், தொட்டியின் விளிம்பில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு, வளைகுழாய் வழியே சைஃபன் முறையில், அதாவது இடைவெளியின்றி நிறைந்த நீரின் எடையே பின்வரும் நீரை இழுக்கும் முறையில், நீரை வெளியே எடுப்பர். வளைவின் உச்சியில் காற்றுக் குமிழ்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து ஒருநாள் இழுப்பு அறுபடும். பம்போ அதை அறியாமல் மேலே நீரை ஏற்றிக்கொண்டே இருக்கும். விலை மலிவு என்பதைத் தவிர இதற்கு வேறு சிறப்பு இல்லை, கடல்நீர்த் தொட்டிக்கு இதனைப் பரிந்துரைக்க இயலாது.

துளையிட்ட தொட்டியில் பழைய முறை, தனியறைக்குள் நிற்கும் ஒற்றைக் குழாய். காற்றும் நீரும் கலந்து விழும் கொடகொட ஓசையைக் குறைக்க, குழாயின் தலையை வளைத்து மூடியில் சிறு காற்றுத்துளை இடும் டர்சோ அமைப்பு நெடுங்காலம் வழக்கில் இருந்தது. ஓசை ஓரளவு அடங்கியது; ஆனால் ஒரு நத்தையோ பாசித் திரளோ அந்த ஒரே குழாயை அடைத்தால் மாற்றுவழி இல்லை என்ற குறை அப்படியே நின்றது. ஹெர்பி எனப்படும் இரட்டைக் குழாய் முறை இக்குறையைத் தீர்த்தது. முதற்குழாய் காற்றே புகாமல் முழுச் சைஃபனாக ஓட, அதன் ஓட்டத்தைக் கீழே உள்ள கேட் வால்வு மட்டுப்படுத்தும். சற்று உயரத்தில் நிற்கும் இரண்டாம் குழாய் உலர்ந்தபடியே காத்திருந்து, முதலாவது அடைபட்டால் முழு நீரையும் ஏற்கும். இங்கே பால் வால்வை வைப்பது பொருந்தாது; கால் திருப்பில் முழுவதும் திறந்து மூடும் அதனால் நூலளவு திருத்தம் செய்ய முடியாது.

பீன் அனிமல் என்ற புனைபெயர் கொண்ட அமெரிக்க மீன் வளர்ப்பாளர் ஒருவரின் பெயராலேயே வழங்கும் மூன்று குழாய் முறை, இவ்விரண்டுக்கும் நடுவே இன்னொன்றைச் சேர்க்கிறது. முழுச் சைஃபனுக்கு மிஞ்சிய சிறு நீர் நடுக்குழாயில் சுவரை ஒட்டி ஓசையின்றி வழியும். சைஃபன் தளர்ந்து நீர்மட்டம் உயர்ந்தால், நடுக்குழாயின் காற்றுவழி நீரில் மூழ்கி, அக்குழாயே சைஃபனாக மாறி மட்டத்தை இறக்கிவிடும். இரண்டும் கைவிட்டால் மூன்றாவது இருக்கிறது. வால்வை அடிக்கடி திருத்த வேண்டிய தேவையை நடுக்குழாய் ஒழித்துவிடுகிறது என்பதே இதன் உண்மையான மேன்மை. இடம் இருந்தால் மூன்று, இல்லாவிட்டால் இரண்டு. ஒன்றோடு நிற்பது தகாது. சைஃபன் குழாயின் கீழ்முனை சம்ப் நீரில் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் மூழ்கியிருந்தால், மீண்டும் தொடங்கும்போது உள்ளே அடைபட்ட காற்று வெளியேற முடியாமல் திணறும் என்பதும் கவனத்துக்குரியது.

ரிட்டர்ன் பம்பைப் பொறுத்தவரை பெரிது சிறந்தது என்ற எண்ணம் இன்னும் மறையவில்லை. 1980-களில் பரவிய சொட்டுவடிகட்டிகளோடு சம்ப் வீடுகளுக்குள் நுழைந்தபோது, தொட்டியின் நீரோட்டம் முழுவதையும் அதுவே தர வேண்டியிருந்தது. மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல் பத்து மடங்கு நீர் சுற்ற வேண்டும் என்ற விதி அக்காலத்தது. இன்று தொட்டிக்குள்ளேயே அலை எழுப்பும் சிறு பம்புகள் அப்பணியைச் செய்வதால், சம்ப் வழியாக மணிக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு போதும். பெட்டியில் அச்சிட்ட திறன் நீரை உயர்த்தாத நிலைக்குரியது. ஒன்றரை மீட்டர் ஏற்றமும் எல்போ வளைவுகளும் அதைப் பெரிதும் குறைக்கும் என்பதால், அந்த உயரத்துக்குரிய அளவைப் பார்த்தே வாங்க வேண்டும்.

எந்த அமைப்பின் தகுதியும், அது ஓடும்போது தெரிவதைவிட நிற்கும்போதே தெளிவாகத் தெரியும். ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் திறனுள்ள அனல்மின் நிலையத்தை வைத்திருக்கும் தூத்துக்குடியிலும் கரண்ட் போகத்தான் செய்கிறது. 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் 7.2 லிட்டர் நீர். ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே இருந்தால், பம்பு நின்றதும் அக்குழாயே எதிர்த்திசைச் சைஃபனாகி 36 லிட்டரைச் சம்புக்குள் இறக்கும். வாயை மேற்பரப்பை ஒட்டி வைத்தால் இறங்குவது ஏழு லிட்டர் அளவே. எதிரோட்டத்தைத் தடுக்கும் ஒருவழி வால்வைப் பலர் நம்புகின்றனர். சுண்ணாம்புப் படிவு அதன் மடலில் ஏறியதும் அது முழுதாக மூடாது. குழாயில் இடும் சிறு காற்றுத்துளையையும் பாசி அடைக்கும். நம்பத்தக்கது வாயின் உயரம் ஒன்றே. 90 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் பரப்புள்ள சம்பில் 36 லிட்டர் ஏறினால் மட்டம் 9 சென்டிமீட்டர் உயரும்; அவ்வளவு வெற்றிடம் எப்போதும் இருந்தாக வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஆபத்து, கீழிறங்கும் குழாய்கள் அனைத்தும் அடைபட்டுப் பம்பு மட்டும் ஓடுவது. காட்சித் தொட்டியின் மேல்விளிம்பு வரை இரண்டரை சென்டிமீட்டர் இடம் இருந்தால் அங்கே 18 லிட்டர் கொள்ளும். ஆதலால் பம்பு நிற்கும் சம்ப் அறையில் அதற்கு எட்டும் நீர் 18 லிட்டருக்குள் இருந்தால், அது வறண்டு ஓடிப் பம்பு கெடலாமே தவிர, வீடு நனையாது. 30 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் பரப்புள்ள அறையில் இது 13 சென்டிமீட்டர் ஆழம். சிறிய அறைக்கு ஒரு விலையும் உண்டு: ஆவியாகும் நீரின் இழப்பு முழுவதும் அந்த அறையிலேயே தெரியும், நாளொன்றுக்கு 4 லிட்டர் ஆவியானால் மட்டம் 3 சென்டிமீட்டர் இறங்கும். உப்பு விளையும் அளவுக்கு வெயிலும் காற்றும் உள்ள ஊரில் இது மிகையன்று. ஆவியாவது நீர் மட்டுமே என்பதால் ஈடுசெய்வதும் ஆர்.ஓ. நீராகவே இருக்க வேண்டும். அதைத் தானாக நிரப்பும் கருவி பொருத்தினால், குழாய் அடைபட்ட வேளையில் அறை வற்றுவதைக் கண்டு அது நன்னீரை மேலும் மேலும் ஊற்றும். நிரப்பும் வாளியும் சிறியதாக இருப்பதே அதற்குக் காப்பு.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் பலரும் ரிட்டர்ன் பம்பை அதனோடு இணைக்கின்றனர். மின்தடையின்போது மீனுக்கு முதலில் தேவைப்படுவது உயிர்வளி; நைட்ரஜன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி காட்சித் தொட்டியின் பாறைகளிலேயே உள்ளன. ஆகவே குறைந்த மின்சாரத்தில் மேற்பரப்பைக் கலக்கும் அலைப்பம்பை இணைத்து, ரிட்டர்னை நிற்கவிடுவதே அறிவுடைமை.

கண்ணாடியில் துளையிடுவதற்கு முன் அது சூடேற்றிப் பதப்படுத்திய கண்ணாடியா என்று விற்பவரிடம் கேட்டறிய வேண்டும். அவ்வகையைத் துளையிட்டால் நொறுங்கிவிடும். அமைப்பு முடிந்ததும் உப்பைக் கலக்காமல், குழாய் நீரை நிரப்பி ஓடவிட்டு, பம்பின் இணைப்பைப் பிடுங்கிச் சம்பின் மட்டம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, மீண்டும் இணைத்துச் சைஃபன் தானாகத் தொடங்குகிறதா என்று காதுகொடுத்துக் கேட்க வேண்டும். சில நிமிடங்களுக்குப் பின்னும் கொடகொட ஓசை ஓயாவிட்டால் வால்வின் திருப்பமோ கீழ்முனையின் ஆழமோ சரியில்லை. பின்னர் சைஃபனின் வால்வை முழுதும் மூடி, காத்திருக்கும் குழாய் முழு நீரையும் தனியே ஏற்கிறதா என்று பார்த்து, ஏற்காவிட்டால் பம்பின் வேகத்தைக் குறைத்த பிறகே கடல்நீர்த் தொட்டிக்குரிய உப்புக் கலவையை வாங்கக் கடைக்குப் போகலாம்.